காதுக்குள் மச்சான்

சட்டையில் ஏழு பொத்தான். நான்கு நான்காகப் போட்டால் கடைசியில் ஒன்று குறைந்தது. விரிவுரையாளர் கண்ணாடி முன் நின்று, போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி காலரிலிருந்து ஆரம்பித்தார்.

“எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான்” என்றாள் மனைவி, சாப்பாட்டுப் பையை அவர் தோளில் மாட்டியபடி. “இன்னைக்கு ஒரு நாளாவது டிரம்ஸை வீட்டுல விட்டுட்டு வெறும் வாத்தியாரா போயிட்டு வாங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பகலில் அவர் கல்லூரியில் இலக்கியம் நடத்துபவர். மாலையில் மனைவியின் தம்பி வைத்திருக்கும் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். டிரம்ஸில் பதினைந்து ஆண்டுகளாக நிரந்தரம். கல்லூரியில் ஏழு ஆண்டுகளாகத் தற்காலிகம். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் முன் ‘மேலும் ஓராண்டுக்கு’ என்று ஒரு கடிதம் வரும். அது வந்து சேரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். இனி அந்தக் கடிதமும் கிடையாது. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம். இன்று பத்து மணிக்குத் தேர்வுக் குழு வந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்க்கும். பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் வீடு.

கோட்டை விட்டுவிட்டு வந்தால், தானும் அவரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றிவிடப் போவதாக மனைவி முந்தின நாள் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

விரிவுரையாளரின் பழைய வியாதி, நிறுத்தத் தெரியாதது. ஒரு கவிதை வரிக்குள் நுழைந்தாரென்றால் ஆள் வெளியே வர மாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு அவர் நடத்தி முடித்தது நான்கு கவிதை. பாடத்திட்டத்தில் இருந்தது இருபத்திரண்டு. மிச்சம் பதினெட்டையும் மாணவர்கள் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு எழுதினார்கள். துறைத்தலைவி அழைத்துக் கடைசி எச்சரிக்கை கொடுத்த அன்று, இசைக்குழுவின் ஒத்திகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

மேடையில் வாசிப்பவர்களின் காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அதில் ‘டிக், டிக்’ என்று தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். கிளிக் என்பார்கள். கூட்டம் கத்தினாலும் மைக் விழுந்தாலும் அந்தக் கிளிக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பாட்டு சரியான இடத்தில் போய் நிற்கும். பாட்டை நிறுத்துவது பாடத்தை நிறுத்தாதா?

நிறுத்தியது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. நான்கு தட்டுக்கு ஒரு வாக்கியம். அடுத்த நான்கு தட்டு மாணவர்கள் எழுதிக்கொள்ள. ஐம்பது நிமிட வகுப்புக்கு மூவாயிரத்து அறுநூறு தட்டு. கடைசித் தட்டில் அவர் புத்தகத்தை மூடுவதும் மணி அடிப்பதும் ஒன்றாக நடந்தன. இருபத்திரண்டு கவிதையும் முடிந்து ஒரு வாரம் மிச்சம் வந்தது. மாணவர்களின் நோட்டுகள் அச்சில் ஏற்றியவை போல் இருந்தன. கவிதைதான் கொஞ்சம் செத்துப்போனது. அது அவருக்கு மட்டும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் துறைத்தலைவி தாழ்வாரத்தில் பின்னாலிருந்து அவரை மூன்று முறை கூப்பிட்டார். அவர் எண்ணிக்கொண்டே போனதால் காதில் விழவில்லை. அந்த அம்மாள் கிட்டே வந்து பார்த்தார். இடது காதில் கருவியைக் கண்டார். முகம் உருகிப்போய்த் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். மறுநாள் காலையிலிருந்து துறையில் அத்தனை பேரும் அவரிடம் உரக்கப் பேசினார்கள்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம், கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மூன்றாம் வாரத்தில் கூட்டங்களில் அவருக்கென்று முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? உங்கள் கல்லூரியிலிருந்து போன் செய்பவர்கள் என்னிடமும் ஏன் கத்துகிறார்கள் என்று மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் தேர்வுக் குழு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் அவர் உடம்பை நுழைக்க இரண்டு மாணவர்கள் உதவ வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வேறொரு கல்லூரிப் பேராசிரியை. அவர் திருத்திய விடைத்தாளில் நீலத்தைவிடச் சிவப்பு அதிகம் இருக்கும் என்பதால் ஊரெல்லாம் அவருக்குச் சிவப்பு மை அம்மாள் என்று பெயர். இன்னொரு பக்கம் துறைத்தலைவி. காலையிலேயே அவர் குழுவிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். பாவம், காது மந்தம். அதை ஒரு குறையாக எழுதிவிடாதீர்கள். கேள்வி கேட்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.

விரிவுரையாளர் கருவியைக் காதில் பொருத்தினார். கைப்பேசியில் கிளிக்கைத் தட்டிவிட்டுக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அங்கேதான் சனி உட்கார்ந்தது. அந்தச் செயலியில் இரண்டு வழி உண்டு. ‘தனி’ என்று வைத்தால் அவர் காதுக்கு மட்டும். ‘குழு’ என்று வைத்தால் மச்சான் எங்கிருந்து தட்டினாலும் எல்லோர் காதிலும் அதே தாளம், கூடவே மச்சானின் குரலும் வரும். முந்தின நாள் ஒத்திகை முடிந்தபின் அவர் அதை மாற்ற மறந்திருந்தார்.

பாடம், பதினோரு வரிக் கவிதை. கணவன் போய்விட்ட வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். எட்டு வரிவரை வாய் திறப்பதில்லை. கொடியில் ஈரத்துணி, தாழ்ப்பாள், அடுப்பில் பாத்திரம் என்று வீட்டுச் சாமான்கள்தான் வருகின்றன. ஒன்பதாம் வரியில் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள்: ‘தண்ணீர் சூடாகிவிட்டது.’ அவர் கொடுத்திருந்த தலைப்பு, கவிதையில் மௌனத்தின் இடம்.

ஆரம்பம் அருமையாக இருந்தது. எழுபத்திரண்டில் ஈரத்துணி காய்ந்தது. எழுபத்திரண்டில் தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு மை அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். தலைவருக்குக் கண் செருகியது.

அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி, தன் டைல்ஸ் கடையில் மச்சான் சும்மா உட்கார்ந்திருந்தான். மாலையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டும். புதுப் பாட்டு ஒன்று. எங்கே எப்படி வாசிப்பது என்று சொல்லும் குறிப்புக் குரலை இன்னும் பதியவில்லை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. கைப்பேசியை எடுத்தான்.

“புதுப் பாட்டு. வேகம் நூத்தி அறுபது” என்றது விரிவுரையாளரின் காது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

பதினைந்து ஆண்டுப் பழக்கம். அந்தக் குரல் சொன்னால் உடம்பு மூளையிடம் அனுமதி கேட்காது. அவருடைய வாய் நூற்று அறுபதுக்குப் பாய்ந்தது. “இங்கே அவள் பேசவில்லை, பேசாமல் இருப்பதே பேச்சு, பேச்சில்லாத வீட்டில் பாத்திரம் பேசுகிறது” என்று ஒரே மூச்சில் கொட்டினார். முப்பது பேனாக்களும் அவர் பின்னால் தலைதெறிக்க ஓடின. தலைவர் விழித்துக்கொண்டார்.

காதிலிருந்து கருவியைப் பிடுங்கிவிடலாம் என்று கை எழுந்தது. கடைசி பெஞ்சில் துறைத்தலைவி அவரைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். காது கேட்காதவர் கேட்கும் கருவியைப் பிடுங்கி எறிவாரா? கை இறங்கியது. கைப்பேசியை எடுத்து அணைக்கலாமென்றால் சுவரில் பெரிய எழுத்தில் பலகை தொங்கியது: வகுப்பில் கைப்பேசியை வெளியே எடுத்தால் பறிமுதல். எழுதியவர் துறைத்தலைவி.

“பல்லவி மறுபடி” என்றான் மச்சான்.

“அவள் பேசவில்லை” என்றார் விரிவுரையாளர்.

“இன்னொரு தடவை. சத்தத்தைக் கூட்டு.”

“அவள் பேசவில்லை” என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறா பறந்தது.

“டிரம்ஸ் மட்டும், எட்டு சுத்து.”

அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் மனதுக்குள் கும்பிட்டார். இரண்டு கையும் மேசையில் இறங்கிவிட்டன. சாக்குக்கட்டி டப்பா, டஸ்டர், வருகைப் பதிவேடு எதையும் விடவில்லை. முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி இதை எப்படிக் குறிப்பெடுப்பது என்று தெரியாமல், ‘அடுப்புக் கொதிக்கும் ஓசை’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

“எல்லாரும் நிறுத்து” என்றான் மச்சான். “நான் சொல்றவரை யாரும் மூச்சு விடக்கூடாது.”

விரிவுரையாளர் நின்றார். வலது கை அந்தரத்தில் டஸ்டரோடு அப்படியே இருந்தது. வகுப்பும் நின்றது.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் ஒரு வாடிக்கையாளர் நுழைந்தார்.

அடுத்த இரண்டு நிமிடங்கள் அந்த வகுப்பறையில் மின்விசிறியின் சத்தம்கூடக் குறைந்தது போலிருந்தது. விரிவுரையாளர் மட்டும் குளியலறைத் தரைக்கு எந்த ரகம் வழுக்காது, நீலம் நல்லதா சாம்பல் நல்லதா, வீட்டில் கேட்டுவிட்டு வருவதென்றால் எத்தனை மணிவரை கடை இருக்கும் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, டஸ்டரைத் தூக்கியபடி நின்றார். கை வலித்துக் கண்ணில் நீர் கோத்தது. அதைப் பார்த்துத் துறைத்தலைவிக்கும் கண் கலங்கியது. தலைவர் கைக்குட்டையை எடுத்தார்.

வாடிக்கையாளர் போய்விட்டார். “எங்க விட்டேன்” என்று மச்சான் முணுமுணுத்தான். “ஆங். ரொம்ப மெல்ல. மூணு, நாலு.”

விரிவுரையாளர் டஸ்டரைக் கீழே வைத்தார். “தண்ணீர் சூடாகிவிட்டது” என்றார், ரொம்ப மெல்ல.

யாரோ ஒரு மாணவன் மூக்கை உறிஞ்சினான். தலைவர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கைதட்டினார். மௌனத்தைப் பற்றி நாற்பது ஆண்டு நானும் பேசியிருக்கிறேன், நடத்திக் காட்டியவரை இன்றுதான் பார்க்கிறேன் என்று தொண்டை கிழியச் சொன்னார். துறைத்தலைவியின் முகம் பூத்தது. வேலை கிடைத்துவிட்டது, அது அவர்கள் இருவரின் முகத்திலும் எழுதியிருந்தது. விரிவுரையாளர் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருந்தால் போதும்.

சிவப்பு மை அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது என்றார். வாயைக் கையால் குவித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“அந்த மௌனத்தை, எங்க முடிக்கணும்னு, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் அவர் சமாளித்திருப்பார். மரபு, உத்தி, உணர்வு என்று நான்கு தட்டுக்கு ஒரு வாக்கியம் வீசியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் கேட்டது அந்தக் கவிதையின் உயிரை. அவருக்கு அந்தக் கவிதை பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு எதிரில் முப்பது பிள்ளைகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“என் மச்சான் சொன்னான்” என்றார்.

தலைவர் முன்னால் குனிந்தார். “அவர் எந்தப் பல்கலைக்கழகம்?”

“டைல்ஸ் கடை வெச்சிருக்கான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கிளிக்கை, மூவாயிரத்து அறுநூறு தட்டை, பல்லவியை, வழுக்காத நீல டைல்ஸை. கடைசியில் துறைத்தலைவியின் பக்கம் திரும்பி, “மேடம், எனக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார்.

துறைத்தலைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. மச்சான் உதவியில்லாமலேயே அதுவும் நல்ல மௌனமாகத்தான் இருந்தது.

“நாலு வருஷம்” என்றார், பிறகு. பழக்க தோஷத்தில் உரக்கத்தான் சொன்னார். “நாலு வருஷமா உங்களுக்காகக் கத்திக் கத்தி என் தொண்டையில கட்டி வந்திருக்கான்னு டாக்டர்கிட்ட போய் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வந்தேன். உங்க முன்னாடியே உங்களைப் பத்தி எவ்வளவு பேசியிருக்கோம், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“நல்லதாத்தான் மேடம் பேசினீங்க, பெரும்பாலும்.”

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சிவப்பு மை அம்மாள் நடந்து முன்னால் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். விரிவுரையாளர் கருவியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குள்ளிருந்து மச்சான் எறும்பு போல “சரணம், சரணம்” என்று கூவிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுப் பட்டென்று மூடினார்.

“இப்ப அந்த ஒன்பதாவது வரியை நடத்துங்க” என்றார்.

காது காலியாக இருந்தது. விரிவுரையாளருக்கு முதலில் கால் எங்கே கை எங்கே என்று புரியவில்லை. கரும்பலகையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம், யாரிடம் சொல்கிறாள் என்று ஆரம்பித்தார். வீட்டில் ஆளில்லை. குளிக்க வெந்நீர் கேட்கிறவன் போய்விட்டான். அப்படியிருக்க அவள் ஏன் தண்ணீர் வைத்தாள்? வைத்துவிட்டு ஏன் சத்தமாகச் சொன்னாள்? பழக்கத்தில் வைத்துவிட்டாளா, தெரிந்தே வைத்தாளா? பின்வரிசைப் பையன் ஒருவன் பழக்கம்தான் என்றான். முதல் பெஞ்சு மாணவி, தெரியாமல் ஒருத்தி பாத்திரம் நிறையத் தண்ணீர் தூக்குவாளா, கை கனக்காதா என்று திருப்பிக் கேட்டாள். தலைவர், தன் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது தானும் இரண்டு தட்டு எடுத்து வைத்ததாகச் சொன்னார். சிவப்பு மை அம்மாள் அது வேறு, இது வேறு என்றார். பேனாக்கள் மேசையில் கிடந்தன.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த பொருளாதார ஆசிரியர் கதவைத் தட்டினார். தேர்வு நடக்கிறது என்று துறைத்தலைவி அவரை அனுப்பிவிட்டார். அவர் இரண்டாம் முறை வந்தபோது விரிவுரையாளர் இன்னும் ஒன்பதாம் வரியில்தான் இருந்தார். பத்தாம் வரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

குழு துறைத்தலைவியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. விரிவுரையாளர் வெளியே நின்றார். மூன்றாம் ஆண்டு முழுவதும் தாழ்வாரத் தூண்களுக்குப் பின்னால் நின்றது. உள்ளே நடந்த சண்டையைக் கேட்க யாருக்கும் கருவி தேவைப்படவில்லை. இவர் கையில் விட்டால் பருவத்துக்கு நான்கு கவிதைதான் என்றது ஒரு குரல். அந்த நான்கையும் பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள் என்றார் தலைவர். தேர்வில் இருபத்திரண்டிலிருந்தும் கேள்வி வருமே என்றார் சிவப்பு மை அம்மாள். ஏமாற்றிவிட்டார் என்று ஒரு முறையும், ஆனால் தானாகத்தானே சொன்னார் என்று ஒரு முறையும் துறைத்தலைவியின் குரல் கேட்டது.

அரை மணி கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். துறைத்தலைவி சாதாரணக் குரலில் பேச முயன்றார். அது அவருக்குச் சுலபமாக வரவில்லை.

“இடம் உங்களுக்குத்தான். நிரந்தரம். ஆனா காதுல எதுவும் இருக்கக்கூடாது. இருபத்திரண்டு கவிதையும் முடிக்கணும். இனிமே உங்களுக்கு எல்லா நாளும் கடைசி வகுப்புதான். மணி அடிச்சாலும் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. எப்ப முடிச்சு எப்ப வீட்டுக்குப் போறீங்கங்கறது உங்க பாடு.”

“எங்க பாடும்தான் மேடம்” என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

விரிவுரையாளர் நன்றி சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து மனைவிக்கு போன் செய்தார். எதிர்முனையில் தடதடவென்று ஏதோ சத்தம் கேட்டது. போனைக் கீழே போட்டுவிட்டாளோ என்று நினைத்தார். அலுவலக மேசைமேல் ஏறி நின்று கைதட்டியதாகவும், பக்கத்தில் இருந்தவர்கள் இறக்கிவிட்டதாகவும் பிறகு சொன்னாள். கடைசி வகுப்பு விவகாரத்தைச் சொன்னார். அவள் ஒரு நிமிடம் யோசித்து, தம்பிக்கு யார் சொல்வது என்று கேட்டாள்.

சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் அவனே கூப்பிட்டான். குறிப்புக் குரல் நன்றாகக் கேட்டதா, வேகம் சரியா என்று கேட்டான்.

“நல்லாக் கேட்டுச்சு மச்சான். தேர்வுக் குழுத் தலைவர் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.”

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைத்தார். வேலை நிரந்தரமானதில் அவனுக்குச் சந்தோஷம்தான், வாழ்த்தெல்லாம் சொன்னான். வாழ்த்தின் நடுவில் சட்டென்று நின்றான்.

“மாமா, ஆறு மணி நிகழ்ச்சின்னா என்ன பண்றது? கடைசி வகுப்பு எப்ப முடியும்?”

“அது கவிதையைப் பொறுத்தது.”

“டிரம்ஸ் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?”

“முதல் மூணு பாட்டு டிரம்ஸ் வராத பாட்டாப் போடு. அதுக்குள்ள நான் ஓடி வந்துடறேன்.”

“நம்மகிட்ட அந்த மாதிரி ஒரே ஒரு பாட்டுதான் மாமா இருக்கு.”

விரிவுரையாளர் தாழ்வாரத்தில் நடந்தபடி யோசித்தார். முதல் முறையாக அவர் காலடிகளை எண்ணவில்லை.

“அதையே மூணு தடவை பாடுங்க” என்றார். “ரொம்ப மெல்ல.”